வாசலுக்கு வந்த பூனை

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலையில் விறகு அடுக்கி வைத்த சாய்ப்புக்குள் ஒரு பூனை உட்கார்ந்திருக்கும். உங்களைப் பார்த்தால் ஓடாது, கிட்டேயும் வராது. பொம்மிடிப் பக்கம் இது புதுசு இல்லை. தெற்கே சேர்வராயன் மலை, சுற்றிலும் கரும்பும் மரவள்ளியும் நெல்லும், ஊரை ஒட்டி சென்னை–சேலம் ரயில் பாதை. பூனைக்கு எலியும் உண்டு, ஒதுங்க இடமும் உண்டு. போதாததற்கு, வேண்டாத குட்டிகளைக் கோணிப்பையில் போட்டு ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் எல்லா ஊரையும் போல இங்கேயும் இருக்கிறது. வளர்த்த பிராணியை அப்படிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதற்காக யாரும் பயந்ததாகத் தெரியவில்லை.

பூனை வந்ததும் நாம் செய்கிற முதல் காரியம் கொட்டாங்குச்சியில் பால் ஊற்றி வைப்பது. இரண்டாவது காரியம் என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது. பூனை திண்ணையிலேயே தங்கும், குட்டி போடும், குட்டிகள் குட்டி போடும். ஒரு நாள் வீட்டுக்காரரே கோணிப்பையைத் தேடுவார். சோறு வைப்பது பாதி வேலை. அந்தப் பாதியோடு நிறுத்துவதால்தான் இந்தத் தொல்லை சுற்றிச் சுற்றி வருகிறது. சேர்ப்பதென்றால் முழுசாகச் சேருங்கள். முடியாதென்றால் யார் வீட்டில் விடலாம் என்று முதல் வாரத்திலேயே விசாரியுங்கள். இந்த அத்தியாயம் முழுசாகச் சேர்க்க நினைப்பவர்களுக்கு.

முதலில், அது வீட்டுப் பூனைதானா?

பட்டணத்தில் எழுதும் வழிகாட்டிகளில் இந்தக் கேள்வி இருக்காது. நமக்கு இதுதான் முதல் கேள்வி. கரும்பு வெட்டும்போது தோகைக்கு நடுவில் குட்டிகள் கிடைக்கும். கூலிக்கு வந்தவர்கள் ஒன்றைத் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்து விடுவார்கள். அது காட்டுப்பூனைக் குட்டியாக இருக்கலாம். கரும்புத் தோட்டமும் ஓடையோரப் புதரும் காட்டுப்பூனைக்கு மிகப் பிடித்த இடங்கள்.

வளர்ந்த காட்டுப்பூனையை அடையாளம் காண்பது சுலபம். கால் நீளம், வால் குட்டை. வாலின் நுனிப்பக்கம் கறுப்பு வளையங்கள் இருக்கும். உடம்பில் பெரிதாகக் கோடோ புள்ளியோ இருக்காது, மணல் நிறம். காது நுனியில் சின்னதாகக் கறுப்பு மயிர்க் கொத்து நிற்கும். சிக்கல் குட்டிகளிடம்தான். காட்டுப்பூனைக் குட்டிக்கு உடம்பெல்லாம் கோடு இருப்பதால் நம் வீட்டு வரிப்பூனைக் குட்டி மாதிரியே தெரியும். மலையடிவாரத்தில் இன்னொன்றும் உண்டு. உடம்பில் துருப்பிடித்த நிறத்தில் புள்ளிகள், வளர்ந்த பிறகும் ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அபூர்வம். உலகத்தின் மிகச் சிறிய பூனை இனங்களில் அது ஒன்று. பார்ப்பவர்கள் குட்டி என்றே நினைத்துத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மரநாய்க் குட்டியைப் பூனைக்குட்டி என்று பாலூட்டியவர்களும் இருக்கிறார்கள்.

இவை எதையும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும், பழகவும் பழகாது. வயலில் குட்டி கிடந்தால் அந்தப் பாத்தியை மட்டும் அன்றைக்கு வெட்டாமல் விட்டுவிட்டுத் தள்ளிப் போங்கள். இருட்டிய பிறகு தாய் வந்து வாயில் கவ்விக்கொண்டு போகும். ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதென்றால் அன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, எடுத்த இடத்தையும் சரியாகக் காட்டுங்கள்.

யார் வீட்டுப் பூனை?

வீட்டுப் பூனைதான் என்று தெரிந்ததும், அது உங்கள் வீட்டில் மட்டும்தான் சாப்பிடுகிறதா என்று பாருங்கள். ஒரே பூனைக்கு மூன்று வீட்டில் மூன்று பெயர் இருப்பது ஊரில் சகஜம். கழுத்தைச் சுற்றி மயிர் அமுங்கியிருந்தால் கயிறு கட்டி வளர்த்திருக்கிறார்கள். இடது காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் யாரோ கருத்தடை செய்துவிட்டிருக்கிறார்கள். தெருப்பூனைக்கு அறுவை செய்தவர்கள் போடும் அடையாளம் அது. அப்படி ஒரு பூனை வந்தால் உங்களுக்குப் பாதிச் செலவு மிச்சம்.

ஆணா பெண்ணா என்பதை நிறமே ஓரளவு சொல்லிவிடும். வெள்ளை, கறுப்பு, செவலை மூன்றும் கலந்த பூனை அநேகமாகப் பெட்டைதான். அந்த நிறத்தில் கடுவன் பிறப்பது மிக அபூர்வம். முழுச் செவலை என்றால் ஐந்தில் நான்கு கடுவனாக இருக்கும். செவலை நிறத்தைக் கொடுக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருப்பதால் வரும் கணக்கு இது. அந்த மரபணு எது என்பதையே 2024-இல்தான் கண்டுபிடித்தார்கள். மற்ற நிறங்களுக்கு வாலைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும். இரண்டு துவாரமும் ஒட்டினாற்போல இருந்தால் பெட்டை, இடைவெளி இருந்தால் கடுவன்.

கைக்கு வராத பூனையைப் பிடிப்பது

துரத்தாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே தட்டில் சாப்பாடு வையுங்கள். நாலாம் நாள் தட்டை ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள், ஆறாம் நாள் பெட்டிக்குள். பழக்கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை வாங்கி, ஒன்றை இன்னொன்றின் மேல் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினால் அருமையான கூண்டு. அட்டைப்பெட்டி வேண்டாம், பயந்த பூனை அதை ஐந்து நிமிஷத்தில் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தூக்கவே வேண்டியிருந்தால் கெட்டியான துண்டை மேலே போட்டு, நாலு காலும் துண்டுக்குள் இருக்கும்படி சுருட்டித் தூக்குங்கள்.

கடித்துவிட்டால் இந்த அத்தியாயத்தின் மற்றப் பகுதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் 15 நிமிஷம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் மூன்று நிமிஷம்தான். சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். கட்டும் போடாதீர்கள். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநாய்க்கடி என்று பெயர் இருந்தாலும் பூனையும் அந்த நோயைக் கொடுக்கும். பிறாண்டலும் கணக்கில் சேரும். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் ஊசியை முதல் நாள், 3, 7, 28-ஆம் நாட்களில் போடுவார்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியே போடும் இன்னொரு மருந்தும் உண்டு. பத்து நாள் பூனையைக் கவனிக்கச் சொல்வார்கள். அது நல்லதுதான், ஆனால் கவனித்துவிட்டு ஊசி போடலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. பூனைப்பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும். வெளியே இரண்டு புள்ளிதான் தெரியும், மறுநாள் கை வீங்கி நிற்கும். அதற்கும் மாத்திரை வேண்டியிருக்கும்.

முதல் இரண்டு வாரம்

2020 பிப்ரவரியில் சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த பொம்மைக் கண்டெய்னர் ஒன்றில் உயிரோடு ஒரு பூனை இருந்தது. கொரோனா பயம் தொடங்கியிருந்த நேரம். அதை வந்த வழியே திருப்பி அனுப்பும் பேச்சு எழுந்தது, பீட்டா அமைப்பு எதிர்த்தது, நாடெங்கும் செய்தியானது. அந்தப் பயம் கொஞ்சம் மிகைதான். ஆனால் புதுப் பூனையைக் கொஞ்ச நாள் தனியாக வைத்துப் பார்ப்பது சரியான யோசனை.

உங்கள் வீட்டில் உபயோகத்தில் இல்லாத குளியலறையோ தட்டுமுட்டுச் சாமான் அறையோ போதும். தண்ணீர், சாப்பாடு, பதுங்க ஒரு பெட்டி, மலம் கழிக்க ஒரு பிளாஸ்டிக் பேசின். பேசினில் சலித்த மணலோ மரத்தூளோ நாலு விரல்கடை உயரத்துக்குப் போடுங்கள். எம்-சாண்ட் வேண்டாம், தூசி பறக்கும். பூனைக்கு மணலைக் காட்டினால் போதும், சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. சாப்பாட்டுத் தட்டையும் பேசினையும் எதிரெதிர் மூலையில் வையுங்கள். பக்கத்தில் வைத்தால் இரண்டில் ஒன்றைத் தொடாது.

வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் இந்த 14 நாள் கட்டாயம். பூனைகளுக்கு வரும் பார்வோ வகை வைரஸ் ஒன்று உண்டு. வாந்தி, பேதி, காய்ச்சல், குட்டிகள் இரண்டு மூன்று நாளில் போய்விடும். தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயில் அதை ஒன்றும் செய்யாது, பிளீச்சிங் தண்ணீர்தான் கேட்கும். பினாயிலும் டெட்டால் வகையறாவும் நக்கியே தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் பூனைக்கு விஷம் வேறு.

தெள்ளுப்பூச்சி இருக்கும். இங்கேதான் விவசாய வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது. மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலக்கித் தெளிக்கும் மருந்து மாட்டுக்கொட்டகையில் எப்போதும் இருக்கும். அதில் கொஞ்சம் துணியில் நனைத்துப் பூனைக்குத் தேய்த்துவிடுவார்கள். நாய்க்கு வாங்கிய பவுடரையும் தடவுவார்கள். மாடும் நாயும் தாங்கும் அந்த மருந்துகளில் பலவற்றைப் பூனையின் ஈரல் முறிக்காது. உடம்பு உதறி, வலிப்பு வந்து செத்துப்போகும். பாரசிட்டமாலும் அப்படித்தான், காய்ச்சல் என்று ஒரு மாத்திரை கொடுத்தால் அந்த ஒரு மாத்திரையே போதும். கற்பூரமும் நீலகிரித் தைலமும் கிட்டேயே வேண்டாம். மருத்துவரிடம் போகும்வரை பல் நெருக்கமான சீப்பால் வாரி, வந்த தெள்ளுகளைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். அது ஒன்றும் கெடுதல் செய்யாது.

தீனி

பால் வேண்டாம். இதை நம்ப வைப்பதுதான் கஷ்டம். பால்குடி மறந்த பூனைகளில் பலவற்றுக்கு மாட்டுப்பால் செரிக்காது. மறுநாள் பேதி வரும், பட்டினியாக வந்த பூனைக்குப் பேதி ஆகாது. தண்ணீர்தான் வையுங்கள், அகலமான சட்டியில்.

பூனை கறி தின்னப் பிறந்த பிராணி. டாரின் என்ற சத்தைத் தன் உடம்பில் போதிய அளவு செய்துகொள்ள அதற்குத் தெரியாது, இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது இல்லாமல் மாதக்கணக்கில் தயிர்ச்சோறு தின்னும் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். எலி பிடிக்கும் பூனை எப்படியோ சமாளித்துக்கொள்ளும், வீட்டுக்குள் அடைத்த பூனைக்கு அந்த வழியும் இல்லை. கறிக்கடையில் கோழியின் கழுத்து, ஈரல், இதயம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். உப்பு, மிளகாய், வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்து எலும்பை எடுத்துவிட்டு, கொஞ்சம் சோற்றோடு பிசைந்து வையுங்கள். கறி முக்கால், சோறு கால். ஈரலை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். வெந்த கோழி எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். சைவ வீடு என்றால் வேகவைத்த முட்டையோடு, பாக்கெட்டில் வரும் பூனைத் தீனியையும் வாங்கிவிடுவது நேர்மை. நம் விரதத்தைப் பூனை மேல் ஏற்றக் கூடாது.

நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி போதும். ஒரு முட்டையில் சுமார் 70 இருக்கிறது. கணக்கு உங்களுக்கே வந்துவிடும். பட்டினி கிடந்து வந்த பூனைக்கு முதல் இரண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை வையுங்கள். வீட்டில் எலி கேக் வைத்திருந்தால் பூனை வந்த அன்றே எடுத்துவிடுங்கள். அதைத் தின்ற எலியைத் தின்றாலும் பூனைக்கு ஆபத்துதான்.

கண் திறக்காத குட்டி

தாய் இல்லை என்று முடிவுகட்டுவதற்கு முன் தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். இரை தேடப் போன தாய் நீங்கள் பக்கத்தில் நிற்பதால்தான் வராமல் இருக்கும்.

நிஜமாகவே தாய் இல்லையென்றால் தயாராகிக்கொள்ளுங்கள், மூன்று வாரம் தூக்கம் போய்விடும். கண் மூடியிருந்தால் வயது பத்து நாளுக்குள். முதலில் சூடு, அப்புறம்தான் பால். சில்லிட்ட குட்டிக்குப் பால் கொடுத்தால் செரிக்காமல் செத்துவிடும். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும். பூனைக்குட்டிக்கென்று பால்மாவு விற்கிறார்கள். சேலத்திலோ ஆன்லைனிலோ வாங்க வேண்டியிருக்கும். அது வரும்வரை ஓரிரு நாளுக்குக் காய்ச்சி ஆறவைத்த ஆட்டுப்பால் சமாளிக்கும். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, குட்டியைக் குப்புற வைத்துக் கொடுங்கள். குழந்தையைப் போல மல்லாத்திக் கொடுத்தால் பால் நுரையீரலுக்குப் போகும். ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் பின்பக்கத்தை மெல்லத் தடவுங்கள். தாய் நக்கிவிடுவதற்குப் பதில் இது. இல்லாவிட்டால் குட்டிக்குச் சிறுநீரே பிரியாது.

பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசு இதற்குப் போதும். எடை ஏறாமல் இரண்டு நாள் போனால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஊசியும் அறுவையும்

என் கதையைச் சொல்கிறேன், தப்புக் கதைதான். முக்கலர் பெட்டை ஒன்று எங்கள் ஓட்டு வீட்டுக்கு வந்தது. ஒல்லியாக இருக்கிறது, கொஞ்சம் தேறட்டும், அப்புறம் அறுவைக்குக் கொண்டுபோகலாம் என்று இரண்டு மாதம் சோறு போட்டேன். நன்றாகத் தேறியது. வயிறு வேறு காரணத்துக்காகப் பெருத்திருக்கிறது என்பது பரண் மேலிருந்து நாலு குரல் கேட்ட பிறகுதான் தெரிந்தது. பூனைக்குச் சினைக்காலம் 63 முதல் 65 நாள். குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகிவிடும். ஐந்து மாதக் குட்டிகூடச் சினையாகும். தேறட்டும் என்று காத்திருப்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

முதல் தடவை அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனபோது எனக்கு முன்னால் இரண்டு வெள்ளாடு, ஒரு ஜெர்சிக் கன்று. ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் கிரேட்டுக்குள் குனிந்து பார்த்தார்.

“என்ன சார், பூனைக்கெல்லாமா ஊசி போடுவாங்க?”

“அது கடிச்சா நமக்குப் போடுறாங்களே தாத்தா.”

“அதுவும் சரிதான்,” என்று ஆட்டை இழுத்துக்கொண்டு போனார்.

கன்று கத்தியதும் பூனை கிரேட்டுக்குள் சிறுநீர் கழித்துவிட்டது. அதற்குப் பிறகு எப்போதும் பழைய நூல் சேலையை மடித்துக் கிரேட்டை மூடித்தான் கொண்டுபோகிறேன். இருட்டாக இருந்தால் அடங்கியிருக்கும்.

பூனைக்குத் தேவை இரண்டு வகை ஊசி. ஒன்று மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடுவது, கிளினிக்கில் ட்ரைகேட் என்பார்கள். எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நாலு வாரம் கழித்து அடுத்தது. இன்னொன்று வெறிநோய் ஊசி, 12 வாரம் ஆனதும் போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை தொடர வேண்டும். வயது தெரியாத பெரிய பூனைக்கு மருத்துவர் பார்த்து இரண்டையும் தொடங்குவார். ட்ரைகேட் சின்ன ஊரில் கையிருப்பில் இருக்காது, கேட்டுவிட்டுப் போங்கள். ஜூலை 6-ஐயும் செப்டம்பர் 28-ஐயும் ஒட்டி அரசு மருந்தகங்களில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடப்பது உண்டு. முதலாவது விலங்குவழி நோய்கள் நாள், இரண்டாவது வெறிநோய் நாள். நாயோடு பூனையையும் கொண்டுபோகலாமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கருத்தடை அறுவைக்கு அநேகமாகத் தர்மபுரிக்கோ சேலத்துக்கோ போக வேண்டியிருக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் மருத்துவமனை இருக்கிறது, கொஞ்சம் தூரம்தான். ரயிலில் போவதானால் பூனைக்கு என்ன விதி, என்ன கட்டணம் என்று நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஆட்டோ பேசித்தான் போனேன். முதல் நாள் இரவோடு சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள், குட்டி என்றால் அவ்வளவு நேரம் பட்டினி போடக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு பத்து நாள் மாடியும் மதிலும் ஏறாமல் அறைக்குள் வையுங்கள். தையலை நக்காமல் இருக்கக் கழுத்துக்குக் கூம்பு வேண்டும். பழைய எக்ஸ்ரே பிலிமை வட்டமாக வெட்டி, ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டிச் சுருட்டினால் கடையில் விற்பதைவிட நன்றாக உட்காரும். கடுவனையும் விட்டுவிடாதீர்கள். அறுவை செய்யாத கடுவன் மூலைக்கு மூலை சிறுநீர் அடிக்கும், பெட்டை தேடி ரயில் பாதையைத் தாண்டிப் போகும், கிழிந்த காதோடு திரும்பி வரும், சில நாள் வராமலே போகும்.

வீட்டில் கேட்பார்கள்

பூனை முடி வயிற்றில் போனால் நோய் என்று பாட்டி சொல்வார். ஆஸ்துமா இருப்பவர்களுக்குப் பூனை ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அது நிஜம். மற்றவர்களுக்குப் பயம் வேண்டாம். குழந்தைகளின் கையில் வட்டமாகப் படர்தாமரை வந்தால் பூனையின் காதோரமும் மயிர் உதிர்ந்திருக்கிறதா பாருங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே வைத்தியம் செய்ய வேண்டும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையைத் துரத்தச் சொல்லாத ஆள் இருக்க மாட்டார். பூனை மலத்தில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கருவைப் பாதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் மலம் வெளியே வந்து ஒரு நாளாவது ஆன பிறகுதான் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வரும். தினமும் பேசினைச் சுத்தம் செய்தால் அந்த நேரமே அதற்குக் கிடைக்காது. அந்த வேலையைக் கர்ப்பிணி செய்யாமல் வீட்டுக்காரர் செய்யட்டும். அரைவேக்காட்டுக் கறியும் கழுவாத கீரையும் இதே கிருமியைக் கொண்டுவரும், அவற்றை யாரும் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை.

கறுப்புப் பூனை சகுனத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: அது வீட்டுக்குள்ளேயே இருந்தால் யார் குறுக்கேயும் போகாது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பூனை வந்த தேதியைத் தினசரி காலண்டரிலிருந்து கிழித்து, பின்பக்கத்தில் நிறம், எடை, முதல் நாள் எப்படி இருந்தது என்று எழுதி ரேஷன் கார்டோடு வைத்துவிடுங்கள். மருத்துவரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை நாளா இருக்கு?”